ஊசிதாங்கியும் சுமைதாங்கியும்

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பேத்தி பாதியாக அறுத்தாள். அறுத்த துண்டைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள். 6 கிராம். அந்த 6 கிராமை இனி முதுகில் சுமக்க வேண்டியதில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். டார்ஜிலிங் பக்கம் சந்தக்பூ என்ற 3,636 மீட்டர் உயரத்து முகட்டுக்கு நண்பர்களுடன் நடந்து போகப் போகிறாள். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து எவரெஸ்ட் தெரியும். கூடத்தில் பழைய ஜமுக்காளத்தை விரித்து, கொண்டுபோக வேண்டியவை அனைத்தையும் அதில் பரப்பி, ஒவ்வொன்றாக எடை போட்டுக்கொண்டிருந்தாள். துவாலையில் கால்வாசி போதுமென்று வெட்டினாள். மாத்திரைகளின் அட்டைப்பெட்டிகளைக் கழித்தாள். வழியில் வாசிக்க நான் கொடுத்த கட்டுரைத் தொகுப்பு 410 கிராம் இருந்தது. வந்த வழியே அலமாரிக்குத் திரும்பிற்று. (ஆசிரியர் நம்மிடையே இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.)

எல்லாம் முடிந்த பிறகு பையின் மேல்வாரில் ஓர் ஆந்தையைக் கட்டினாள். பச்சைக் கம்பளி நூலில் அவளே பின்னியது. கட்டைவிரல் உயரம், வயிற்றில் பஞ்சு, கண்களுக்கு இரண்டு மணிகள். இரண்டு இரவுகள் அதற்காகக் கண் விழித்திருக்கிறாள். அதை எடை போடவில்லையே என்றேன். போட்டாள். 14 கிராம்.

“பிரஷ்ல ஆறு கிராம வெட்டிட்டு இதுல பதினால கட்டறியே?”

“அது வேற, தாத்தா.”

எப்படி வேறு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அன்று அவளுக்குச் சொன்ன பதில் இப்போது எனக்கே நிற்காமல் போய்விட்டதால், அதை முதலில் சொல்லிவிடுவது நேர்மை.

நான் சொன்னது இது: நீ செய்யும் இரண்டு காரியங்களும் ஒரே ஜாதி. பின்னுவதும் முதுகில் சுமப்பதும் ஒரு காலத்தில் வயிற்றுப்பாடு. இயந்திரம் வந்து ஒன்றை முடித்தது. ரயிலும் லாரியும் வந்து இன்னொன்றை முடித்தன. வேலை செத்த இடத்தில் பொழுதுபோக்கு முளைக்கிறது. உன் ஆந்தை அந்தச் சமாதி மேல் பூத்த பூ.

கொஞ்சம் ஜோடனையாகத்தான் சொன்னேன். ஆனால் ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை.

கூடாரத்தையும் சமையல் பாத்திரத்தையும் தானே சுமந்துகொண்டு, நிர்ப்பந்தம் எதுவும் இல்லாமல், சந்தோஷத்துக்காக வெளியே போய்த் தங்குகிற பழக்கத்துக்கு இங்கிலாந்தில் தகப்பன் என்று சொல்லப்படுகிறவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். லண்டனில் தையற்காரர். எடை குறைந்த சாமான்களில் பித்துக் கொண்டவர்; 1901-ல் சைக்கிளில் போய் முகாமிடுகிறவர்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்; 1908-ல் முகாம்வாசிகளுக்கான கைநூலை வெளியிட்டார். இதே மனிதர் 1853-ல் ஒன்பது வயதுப் பையனாகப் பெற்றோருடன் அமெரிக்கா போய், மிஸிஸிப்பிக் கரையில் வாரக்கணக்கில் கூடாரத்தில் கிடந்து, பிறகு மாட்டுவண்டி வரிசையோடு சமவெளிகளைக் கடந்தவர். அப்போது அது குடியேறப் போனவர்களின் கஷ்டம். அரை நூற்றாண்டுக்குப் பின் அதே ஆள், அதே கூடாரம். பெயர் மட்டும் உல்லாசம். நார்வேயில் ஓலெ பெர்கன் என்பவர் சட்டகம் வைத்த முதுகுப்பைக்குக் காப்புரிமை வாங்கியது 1909-ல். சட்டகம் என்னவோ புதிதல்ல. 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முந்திய மனிதனின் பக்கத்தில் வளைத்த கொம்பும் பலகைகளும் கிடந்தன. அவையும் முதுகுச் சுமைக்கான சட்டகம் என்றே சொல்கிறார்கள். அவன் உல்லாசத்துக்குப் போகவில்லை. முதுகில் அம்பு பாய்ந்திருந்தது.

பின்னலிலும் இதே கதைதான். வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைச் செய்தது 1589-ல். அது எல்லாக் கைப்பின்னலையும் உடனே கொன்றுவிடவில்லை. கொல்ல இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கிராமத்துக் கைகளிலிருந்து ஊசி நழுவத் தொடங்கிய அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நகரத்துச் சீமாட்டிகள் அதை எடுத்தார்கள். எடின்பரோவில் கம்பளி நூல் கடை வைத்திருந்த ஜேன் கோகன் 1840-ல் பின்னல் செய்முறைகளைப் புத்தகமாகப் போட்டார். பின்னால் அப்படிப் பல புத்தகங்கள். அந்த நூற்றாண்டின் வரவேற்பறைகளில் காசு போட்டு வைக்கக் குட்டி ஜாடி பின்னினார்கள், குண்டூசி குத்தி வைக்கக் குட்டி மெத்தை பின்னினார்கள். நம் காலத்தில் ஜப்பானியர் அமிகுருமி என்று பெயரிட்டு, பஞ்சு அடைத்த மிருகங்களை உலகமெங்கும் பரப்பிவிட்டார்கள். பேத்தியின் ஆந்தை அந்த வம்சம்.

இதுவரை தராசு என் பக்கம். அது சாயத் தொடங்கியது கெண்டல் என்ற ஊரைப் பற்றி வாசிக்கப் போனபோது.

கெண்டலுக்கு நான் போனது பின்னலைத் தேடி அல்ல. நான் பிறந்து வளர்ந்தது நெய்யூர்ப் பக்கம். 1956 வரை திருவிதாங்கூர், பிறகு கன்னியாகுமரி மாவட்டம். என் சிறுவயதில் திங்கள்சந்தையில் சில கிழவர்கள் வேட்டியைத் தளர்த்தி வயிற்றில் நீளமான தழும்பைக் காட்டுவார்கள். ‘சாமர்வெல் போட்ட தையல்’ என்பார்கள். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கத்தி பிடித்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், 1922-லும் 1924-லும் எவரெஸ்டுக்குப் போனவர் என்பது எங்கள் ஊரில் ஒரு வதந்தி மாதிரிதான் உலவிற்று. பேத்தி எவரெஸ்டைப் பார்க்கப் போகிறாள் என்றதும் அவரைப் பற்றி மறுபடி வாசிக்க எடுத்தேன். பிறந்த ஊர் கெண்டல், 1890. குடும்பத் தொழில் பாதரட்சை: 1842-ல் ஆரம்பித்த சாமர்வெல் சகோதரர்கள் கம்பெனி, கெண்டலின் முதலெழுத்தையே முத்திரையாக வைத்துச் செருப்பும் பூட்ஸும் விற்றவர்கள். நடப்பவர்களுக்கு வேண்டியதைச் செய்கிற ஊராகவே கெண்டல் இருந்திருக்கிறது. அங்கே காய்ச்சும் புதினாச் சர்க்கரைக் கட்டி 1953-ல் ஹில்லரி, டென்சிங் குழுவின் மூட்டையிலும் இருந்தது. பூட்ஸுக்கும் மிட்டாய்க்கும் முன்னால் அந்த ஊர் எதில் பிழைத்தது என்று பின்னோக்கிப் போனால் கம்பளிக் காலுறை வருகிறது.

1770-ல் அச்சான தன் வட இங்கிலாந்துப் பயண நூலில் ஆர்தர் யங் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: கெண்டலில் வாரத்துக்கு 550 டஜன் ஜோடிக் காலுறைகள். அதாவது 6,600 ஜோடி, வாரந்தோறும், ஆண்டு முழுவதும். எல்லாம் கைப்பின்னல். பின்னியவர்கள் கெண்டலில் மட்டும் இல்லை; சுற்றியிருந்த பள்ளத்தாக்குகளில் இருந்தார்கள். வியாபாரிகள் நூலைக் கொடுத்து அனுப்பி, பின்னி வந்ததைக் குதிரைப் பொதிகளில் ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். அந்தப் பள்ளத்தாக்குகளில் பேர்போனது டென்ட்.

டென்டின் பின்னல்காரர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய அடைமொழி ‘பயங்கரமான’. பார்த்தால் பயப்பட வேண்டியவர்கள் என்று அர்த்தமில்லை. ‘பயங்கரமாக வேலை செய்கிறான்’ என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பயங்கரம். ஆண், பெண், ஐந்து வயதுக் குழந்தை என்று பேதமில்லாமல் பின்னினார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது பின்னினார்கள். முதுகில் சுமையோடு சந்தைக்கு நடக்கும்போது பின்னினார்கள். மாலையில் மெழுகுவர்த்திக்கும் விறகுக்கும் ஆகும் செலவை மிச்சம் பிடிக்க ஒரு வீட்டு அடுப்பைச் சுற்றி ஊரே கூடி உட்கார்ந்து, உடலை முன்னும் பின்னும் ஆட்டியபடி பின்னிற்று. இந்தக் கூட்டங்களை வில்லியம் ஹோவிட் 1838-ல் விவரித்திருக்கிறார். அதைவிட நம்பத்தக்க சாட்சி ஆடம் செட்ஜ்விக். கேம்பிரிட்ஜில் புவியியல் பேராசிரியர், டார்வினுக்குப் பாறைகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர், டென்டில் பிறந்தவர். எண்பது வயது கடந்து 1868-ல், சொந்த ஊர்க் கோயில் ஒன்றைப் பற்றிச் சிறு நூல் எழுத உட்கார்ந்தவர், விஷயத்தை விட்டுவிட்டுத் தன் பால்யத்தின் பின்னல் கூட்டங்களைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறார். அவர் எழுதும்போது அது முடிந்துவிட்ட உலகம். முடிந்ததால் இனிக்கிறது.

இனிக்காத சாட்சியும் உண்டு. ராபர்ட் ஸௌதியின் ‘தி டாக்டர்’ என்ற அடக்கமில்லாத பெருநூலில், ஒரு கிழவி தன் பேச்சுமொழியிலேயே சொன்ன கதை ஒன்று செருகப்பட்டிருக்கிறது. பெயர் பெட்டி யூடேல். லாங்டேல் என்ற மலைப்பள்ளத்தாக்கைச் சேர்ந்தவள். ஏழெட்டு வயதில், தன்னைவிடச் சிறிய தங்கை ஸாலியோடு, பின்னல் கற்றுக்கொள்ள டென்டுக்கு அனுப்பப்பட்டாள். காலையிலிருந்து இரவுவரை பின்னல், பிடிக்காத சாப்பாடு, அந்நியர் வீடு. தாங்க முடியாமல் இரண்டு குழந்தைகளும் ஒருநாள் ஓடிவிட்டன. வழியில் தெரியாதவர்கள் வீட்டில் படுத்து, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டு, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நடந்து வீடு வந்து சேர்ந்தன. இன்று அந்த வட்டாரத்தில்தான் இங்கிலாந்தின் மிகப் பிரசித்தமான நடைப்பாதைகள் இருக்கின்றன. விடுமுறை நாளில் நல்ல பூட்ஸும் வரைபடமுமாக ஆயிரக்கணக்கானோர் நடக்கும் மண்ணில் முதலில் நடந்தவர்கள் யார் யாரோ. எனக்கு இந்த இரண்டு பெண்களைத்தான் தெரியும். பையில் என்ன இருந்தது என்று கேட்கவும் முடியாது. பை இல்லை.

பேத்தியிடம் சொன்ன சித்தாந்தத்துக்கு இதுவரை எல்லாம் அனுகூலம். கட்டாயம், கூலி, கண்ணீர், பிறகு விளையாட்டு. ஆனால் டென்டில் இன்னொரு பொருள் இருந்தது. அதுதான் என்னைத் தடுத்தது.

நடந்துகொண்டே பின்ன வேண்டுமென்றால் ஊசியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கைக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை. சாண் நீளம் இருக்கும், நுனியில் துளை. அதை இடுப்பு வாரில் வலப்பக்கம் செருகிக்கொண்டு, ஊசியின் அடியைத் துளையில் ஊன்றிவிட்டால், விரல்கள் நூலை வீச மட்டும் செய்தால் போதும். ஆங்கிலத்தில் அதற்கு உறை என்று அர்த்தப்படும் சொல். நான் ஊசிதாங்கி என்கிறேன். வெறும் துளை போட்ட குச்சி போதுமானது. வேலைக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனால் கிடைத்திருக்கும் ஊசிதாங்கிகளில் எத்தனையோ செதுக்கு வேலை நிறைந்தவை. இதய வடிவம், பெயரின் முதலெழுத்துகள், ஆண்டு. சிலவற்றில் ஒரே கட்டையில் குடைந்த கண்ணிச் சங்கிலி தொங்குகிறது. சிலவற்றின் நடுவில் சிறு கூண்டு. கூண்டுக்குள் அதே மரத்தில் செதுக்கிய உருண்டை, வெளியே வர முடியாமல் உருண்டுகொண்டிருக்கிறது. பையன்கள் தாங்கள் கட்டிக்கொள்ளப் போகிற பெண்களுக்குச் செதுக்கிக் கொடுத்தவை. மேரி ஹார்ட்லி, ஜோன் இங்கில்பி என்ற இரண்டு பெண்கள் ஊர் ஊராகப் போய்க் கடைசிக் கிழவிகளிடம் கேட்டு 1951-ல் இந்தப் பின்னல்காரர்களின் சரித்திரத்தை எழுதினார்கள். அவர்கள் சேகரித்த பொருள்கள் ஹாஸ் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கூண்டுக்குள் உருளும் உருண்டை ஒரு காலுறையை வேகமாகப் பின்ன உதவாது. எடை கூட்டும், அவ்வளவுதான். ஜோடிக்கு இத்தனை காசு என்று எண்ணிக் கூலி வாங்கியவள், நாள் முழுவதும் இடுப்பில் அதையும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். பொதிக்குதிரை வரிசையின் முதல் குதிரைக்கு மணி கட்டியதற்குக் காரணம் சொல்லலாம்: குறுகிய பாதையில் எதிரே வருகிறவனுக்கு எச்சரிக்கை. உருண்டைக்கு என்ன காரணம்? அதே வட்டாரத்துப் பின்னல் கையுறை ஒன்றில் மணிக்கட்டைச் சுற்றி உடையவர் பெயரும் 1846 என்ற ஆண்டும் பின்னப்பட்டிருக்கின்றன. திருட்டுப் போகாமலிருக்க என்று சொல்லலாம். ஆண்டு எதற்கு?

வேலை செத்த பிறகு பூத்த பூ என்று நான் சொன்னது இங்கே உடைந்தது. வேலை உச்சத்தில் இருந்தபோதே, அதன் விலாவில் செருகப்பட்டே, இந்த உபயோகமற்ற சிறு பொருள் இருந்திருக்கிறது. உபயோகமா அழகா என்று நம் விமர்சகர்கள் கட்சி கட்டி முப்பது வருஷம் போட்ட சண்டையில் எந்தக் கட்சிக்கும் இந்த உருண்டையைக் கொடுக்க முடியாது. கலை என்று சொன்னால் செதுக்கியவனே சிரிப்பான். ஓய்வு தந்த அலங்காரம் என்று சொல்ல ஓய்வு இருந்திருக்க வேண்டும்.

இதை நான் வாசித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதே இல்லை என்பதுதான் வெட்கம். என் பாட்டியிடம் ஒரு சும்மாடு இருந்தது.

இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது: தலைச்சுமைக்கும் தலைக்கும் இடையில் வைக்கிற துணி வளையம். பொதுவாகக் கையில் கிடைத்த துண்டைச் சுருட்டிக்கொள்வார்கள். பாட்டியுடையது நிரந்தரமானது. பழைய முண்டைக் கிழித்து இறுக்கிப் பின்னி வளையமாக்கி, அதைச் சுற்றிச் சேலைக்கரையிலிருந்து பிரித்த சிவப்பு நூலால் வரிவரியாகத் தைத்திருந்தாள். ஓரத்தில் ஒரு குஞ்சம். அதற்கு மேல் மரச்சீனிக் கிழங்குக் கூடை ஏறும், திங்கள்சந்தைவரை நடை. கூடை ஏறிவிட்டால் சிவப்பு வரி யார் கண்ணுக்கும் தெரியாது. தலைக்கும் கூடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்க வேண்டியது அது. ஆனாலும் அதை யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் அதே ரோட்டில் அவள் எதிரே வருவாள். சகமாணவர்கள் கூட இருந்தால் நான் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். கழுத்தைத் திருப்ப முடியாது என்பதால் அவளும் என்னைப் பார்க்க மாட்டாள். அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

ரோட்டோரத்தில் சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலை உயரத்துக்கு. யார் துணையும் இல்லாமல் சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் வசதி. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்களுக்காகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாடெங்கும் வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக ஒரு கல். திருவிதாங்கூரில் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் சுமக்க வைத்த காலத்திலும் அந்தக் கற்கள் நின்றிருக்கும்.

நூலுக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு சரித்திரம் உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைச் சாதிப் பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்று பதிவு இருக்கிறது. அவர்கள் பின்னியது வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் மேலாடைக்கு ஓரம். பின்னிய பெண்களில் பலருக்குத் தங்கள் தோளை மூட உரிமை இல்லை. அதற்கு ராஜாங்க அறிவிப்பு வர 1859 ஆயிற்று, அதுவும் அரைகுறையாக. உபயோகமற்ற சிறு பொருள் என்று ரேந்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பின்னியவளுக்கு அது விடுதலைப் பத்திரம்.

ஆக, பொருள் வீணா இல்லையா என்ற கேள்வியை விட்டுவிட வேண்டியதாயிற்று. மிஞ்சுவது வேறு கேள்வி: அதைச் சுமப்பது யார்? இங்கேதான் சாமர்வெல் திரும்ப வருகிறார்.

அந்த நாளைய எவரெஸ்ட் குழுக்களின் சாமான்களில் ஷாம்பேனும் டப்பாவில் அடைத்த காடைக்கறியும் உண்டு. வீணான பொருள் என்றால் அதுதான். அவற்றை வெள்ளைக்காரர்கள் முதுகில் தூக்கவில்லை. 1922 ஜூன் 7-ம் தேதி மலோரி, சாமர்வெல், கிராஃபர்ட் மூவரும் 14 சுமையாளர்களுடன் வடக்குக் கணவாய்க்கு ஏறும்போது பனி சரிந்தது. ஏழு பேர் செத்தார்கள். ஏழு பேரும் சுமையாளர்கள். தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று சாமர்வெல் பின்னால் எழுதினார். அந்தப் பயணம் முடிந்து தென்னிந்தியா சுற்ற வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். அந்த ஏழு பேருக்கும் நெய்யூருக்கும் சம்பந்தம் உண்டென்று அவர் எங்கும் கணக்குத் தீர்க்கவில்லை. நானும் தீர்க்கப் போவதில்லை.

1924-ல் மறுபடி போனார். அந்த முறை செத்தவர்களில் மான் பகதூர் என்பவர் குழுவின் செருப்புத் தைப்பவர். எல்லாருடைய பூட்ஸையும் பழுது பார்த்தவர். அவருடைய பாதங்கள் கணுக்கால்வரை பனியில் உறைந்து, பிறகு நிமோனியாவில் இறந்தார். கெண்டல் பாதரட்சைக் குடும்பத்து மகன் அந்தக் குழுவில் ஒருவர் என்பதைக் கற்பனைக் கதையில் எழுதினால் செயற்கை என்று திருப்பி அனுப்புவோம். மூன்று பயணங்களிலும் இறந்தவர்களின் பெயர்களைச் செதுக்கி அடிவார முகாமில் கற்குவியல் எழுப்பப்பட்டது. அந்த வேலையில் சாமர்வெல்லும் கைகொடுத்தார். அந்தக் கற்களில் எதையும் இறக்கி வைக்க முடியாது.

அதே ஜூனில் மலோரியும் 22 வயது ஆண்ட்ரூ இர்வினும் மேலே போய்த் திரும்பவில்லை. சாமர்வெல் மலோரிக்கு இரவல் கொடுத்த சட்டைப்பைக் காமிராவும் அவர்களோடு போயிற்று. மலோரியின் உடல் 1999-ல் கிடைத்தது. பட்டு, பருத்தி, கம்பளி என்று அடுக்கடுக்காக உடுத்தியிருந்தார். சட்டைப்பையில் வீட்டுக் கடிதங்கள். இர்வினில் கிடைத்தது 2024-ல் ஒரு பூட்ஸும் அதற்குள் ஒரு காலும்தான். கம்பளிக் காலுறையில் பெயர் தைத்த சிறு துணி நாடா இருந்தது: ஏ. சி. இர்வின். நூறு வருஷம் பனியாற்றில் அரைபட்ட பிறகு ஆளைச் சொன்னது அந்த நாடா. ஜூன் 7-ல் செத்த ஏழு பேரின் உடையில் எவரும் பெயர் தைத்திருக்கமாட்டார்கள். அவர்கள் சுமந்த பெட்டிகளில் மட்டும் எழுத்து இருந்திருக்கும்.

இதையெல்லாம் பேத்திக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூட்டை கட்டிய நாட்களில் துண்டு துண்டாகச் சொன்னேன். பெட்டியும் ஸாலியும் ஓடிவந்த கதை அவளுக்குப் பிடித்தது. 1955-ல் 67 வயதில், தானே தைத்த சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைப்பாதை 2,000 மைலுக்கு மேல் தனியாக நடந்து முடித்த எம்மா கேட்வுட்டைப் பற்றி அவள் எனக்குச் சொன்னாள். பதினோரு பிள்ளை பெற்ற பண்ணைவீட்டுப் பெண். கூடாரம்கூட இல்லை, மழைக்குக் குளியலறைத் திரை. சும்மாடு என்ற சொல்லை இவள் கேட்டதே இல்லை.

கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. நடைப்பயண ஏற்பாட்டாளர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். பையைத் தானே சுமக்கலாம். அல்லது நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் உள்ளூர் ஆளோ குதிரையோ சுமக்கும்.

“குடுக்கலாமா தாத்தா?”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நீயே சுமந்தால் உன் மனசாட்சி நன்றாயிருக்கும். அங்கே ஒருவனுக்கு ஆறு நாள் கூலி போகும். என் பாட்டியிடம் யாராவது இரக்கப்பட்டு, கூடையை நீ தூக்க வேண்டாம் அம்மா என்று சந்தைக்குத் தாங்களே கொண்டுபோயிருந்தால் அன்று எங்கள் வீட்டில் உலை ஏறியிருக்காது. கொடுத்தாலோ இந்த ஆந்தையும் அவன் முதுகில்தான் போகும். இதைச் சொன்னேன்.

“ஆந்தைய நான் கையில வச்சுக்கறேன்” என்றாள். பிறகு அது போதாதென்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். படிவத்தை மடித்து வைத்தாள். பதில் அனுப்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இரவு சாப்பாட்டுக்குப் பின் சும்மாடு எப்படியிருக்கும் என்று கேட்டாள். அவள் வெட்டியது போக மிச்சமிருந்த முக்கால் துவாலையை எடுத்து முறுக்கினேன். எப்போதும் செய்ததில்லை, கை அறிந்திருந்தது. வளையத்தை அவள் தலையில் வைத்து, பையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். ஒன்பது கிலோ. கழுத்து விறைத்தது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை மெல்ல நடந்தாள். ஆந்தை காதோரம் தட்டிக்கொண்டே வந்தது. திரும்பும்போது என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். கழுத்தைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் திருப்பினாள்.

திருப்ப முடிகிறது.